எதிரியோடு பேசுவது துரோகமா?

1993 அக்டோபர் 23, சனிக்கிழமை. வடக்கு அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில், ஷாங்கில் சாலையில் ஒரு மீன் கடையில் குண்டு வெடித்து, அப்பாவிகள் 9 பேர் இறந்தார்கள். குண்டைக் கொண்டுவந்தவர், அங்கே பிரிட்டன் ஆட்சியை எதிர்த்து ஆயுதம் ஏந்திய ஐரிஷ் குடியரசுப் படையின் (ஐ.ஆர்.ஏ.) உறுப்பினர்; அவரும் அதிலேயே மாண்டார். சில நாட்கள் கழித்து அவருடைய சவப்பெட்டியைத் தோளில் சுமந்தவர்களில் ஒருவர் ஜெர்ரி ஆடம்ஸ். ஐ.ஆர்.ஏ.வின் அரசியல் முகமாகப் பார்க்கப்பட்ட ஷின் ஃபெயின் கட்சியின் தலைவர் அவர்.

நவம்பர் 1 அன்று பிரிட்டன் நாடாளுமன்றத்தில் பிரதமர் ஜான் மேஜர் பேசினார். ஆடம்ஸோடு உட்கார்ந்து பேசுவதை நினைத்தாலே தமக்கு வயிற்றைக் குமட்டுகிறது, அதை நாங்கள் செய்ய மாட்டோம் என்றார். கேட்டவர்களுக்கு அது நியாயமாகவே பட்டது. அதே மாத இறுதியில் ஒரு செய்தித்தாள் வேறொரு செய்தியை வெளியிட்டது: ஐ.ஆர்.ஏ.வுக்கும் பிரிட்டன் அரசுக்கும் இடையே ரகசியமாகச் செய்திகள் போய்வந்துகொண்டிருந்தன. நேருக்கு நேர் பேசவில்லை என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் தொடர்பு இருந்தது உண்மை.

இங்கே இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. அந்தத் தொடர்பு தவறா? அதை மறைத்தது தவறா? எதிரியோடு, அதிலும் பொதுமக்களைக் கொல்லும் எதிரியோடு சமாதானம் பேசுவதன் அறம் பற்றிய விவாதம் முழுவதும் இந்த முடிச்சைச் சுற்றியே நடக்கிறது. முதல் கேள்விக்கு என் பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன்: தவறு இல்லை. ஏன் என்பதைச் சொல்வதற்கு முன் சில சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

'பயங்கரவாதி' என்ற சொல்

பயங்கரவாதத்துக்கு உலக நாடுகள் எல்லாம் ஒப்புக்கொண்ட ஒரே வரையறை இன்றுவரை இல்லை. ஐக்கிய நாடுகள் சபையில் அதற்கான விரிவான உடன்படிக்கை ஒன்றைப் பற்றிய பேச்சு 1996இல் தொடங்கியது, இன்னும் முடியவில்லை. அந்நிய ஆட்சியை எதிர்த்துப் போராடுபவர்களை இதில் சேர்ப்பதா, அரசுகளின் படைகள் செய்வதைச் சேர்ப்பதா என்ற இரண்டு இடங்களில்தான் பேச்சு ஒவ்வொரு முறையும் சிக்கிக்கொள்கிறது. ஆனாலும் நடுப்பகுதியில் பெரிய குழப்பம் இல்லை. போரில் பங்கெடுக்காத மக்களை வேண்டுமென்றே கொன்று, அந்த அச்சத்தைக் கொண்டு ஓர் அரசையோ சமூகத்தையோ பணியவைக்க முயல்வது பயங்கரவாதம். மீன் கடைக்கு வந்தவர்கள் யாருக்கும் எதிரி அல்லர். அவர்களுடைய சாவு ஒரு செய்தியாகப் பயன்படுத்தப்பட்டது. ஒரு மனிதரின் உயிரை இன்னொருவருக்கு அனுப்பும் கடிதமாக மாற்றுவதில்தான் இந்தச் செயலின் தனிக் கொடுமை இருக்கிறது.

இந்த வரையறை ஒரு செயலைப் பற்றியது. 'பயங்கரவாதி' என்ற பட்டமோ ஆளைப் பற்றியது. ஒருமுறை ஒட்டினால் எளிதில் உரிவதில்லை. நெல்சன் மண்டேலா சிறையிலிருந்து வெளிவந்தது 1990இல். நோபல் அமைதிப் பரிசு பெற்றது 1993இல். தென்னாப்பிரிக்காவின் குடியரசுத் தலைவரானது 1994இல். அமெரிக்காவின் பயங்கரவாதக் கண்காணிப்புப் பட்டியலிலிருந்து அவர் பெயர் நீங்கியது 2008இல். பட்டியல்கள் மனிதர்களைவிட மெதுவாக மாறுகின்றன. அதனால் இந்தக் கட்டுரையில் பயங்கரவாதம் என்ற சொல்லைச் செயலுக்கு மட்டுமே பயன்படுத்துகிறேன். கொடுமையை மென்மையாக்குவதற்காக இப்படிச் செய்யவில்லை. செய்தவர் அதை நிறுத்தக்கூடியவர் என்ற வாய்ப்பைத் திறந்து வைப்பதற்காகத்தான்.

நான்கு வேறு வேறு காரியங்கள்

'அவர்களோடு பேசலாமா?' என்று நாம் சண்டையிடும்போது நான்கு வேறு காரியங்களை ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். எதிரியோடு பேசுவது ஒன்று. அவரை ஒரு தரப்பாக ஏற்பது இன்னொன்று. அவர் கேட்பதை விட்டுக்கொடுப்பது மூன்றாவது. அவர் செய்ததை மன்னிப்பது நான்காவது. முதலாவதைச் செய்ததாலேயே மற்ற மூன்றையும் செய்ததாக ஆகிவிடாது. பேசிய பின் எதையும் தராமல் எழுந்து வரலாம். விட்டுக்கொடுத்த பின்னும் மன்னிக்காமல் இருக்கலாம். அதற்குப் பாதிக்கப்பட்டவருக்கு முழு உரிமை உண்டு. 'பேச்சே துரோகம்' என்று சொல்பவர்கள் பெரும்பாலும் நான்காவதை நினைத்துக்கொண்டு முதலாவதை எதிர்க்கிறார்கள்.

பேசுவதும் ஏற்பதும் வேறு என்பதைப் போர்ச் சட்டம் 1949லேயே எழுதிவைத்திருக்கிறது. ஜெனீவா உடன்படிக்கைகள் நான்கிலும் பொதுவாக வரும் மூன்றாம் பிரிவு, ஒரு நாட்டுக்குள் நடக்கும் ஆயுத மோதலைப் பற்றியது. காயம்பட்டவர்களைக் கவனிக்க வேண்டும், சரணடைந்தவர்களைக் கொல்லக் கூடாது, செஞ்சிலுவைச் சங்கம் போன்ற நடுநிலை அமைப்பு இரு தரப்புக்கும் உதவ முன்வரலாம், இரு தரப்பும் தங்களுக்குள் உடன்பாடு செய்துகொள்ள முயல வேண்டும் என்றெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு வரி வருகிறது: இவற்றைக் கடைப்பிடிப்பதால் எந்தத் தரப்பின் சட்ட நிலையும் மாறாது. கிளர்ச்சிக் குழுவோடு கைதிகளைப் பற்றிப் பேசினால் அது ஓர் அரசாகிவிடுமோ என்று அஞ்சியவர்களுக்காகவே எழுதப்பட்ட வரி அது. அந்த அச்சத்தால் தாமதமாகும் ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் சிறையில் சாகிறார் என்று எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இதே இடத்தில் இன்னொரு வேறுபாட்டையும் சொல்லிவிட வேண்டும். பணயக் கைதிகளை விடுவிக்கப் பணம் கொடுப்பதும் அரசியல் பேச்சு நடத்துவதும் ஒன்றல்ல. பணயத்தொகை கொடுத்தால் அடுத்த கடத்தலுக்கு முதலீடு கொடுத்ததாக ஆகும் என்ற வாதத்தில் வலு இருக்கிறது. ஐ.நா. பாதுகாப்பு அவை 2014 ஜனவரியில் நிறைவேற்றிய 2133ஆம் தீர்மானம் அதைத்தான் சொல்கிறது. 'பயங்கரவாதிகளோடு பேரம் இல்லை' என்ற முழக்கம் இந்த இடத்துக்குத்தான் பொருந்தும். அதை எடுத்துப் பத்தாண்டுக் கணக்கில் நீளும் போர்களுக்கும் பொருத்தும்போதுதான் கோளாறு தொடங்குகிறது.

பேச வேண்டாம் என்பவர்களின் வாதம்

எதிர்வாதங்களை எளிதில் தள்ளிவிட முடியாது. வன்முறைக்குப் பரிசு கிடைக்கும் என்பது முதல் வாதம்: குண்டு வைத்தவனுக்கு மேசையில் இடம் கிடைத்தால் அடுத்தவனும் குண்டைத் தேடுவான். எதிரி பேச்சை மூச்சு வாங்கும் நேரமாகப் பயன்படுத்தி மீண்டும் ஆயுதம் சேர்ப்பான் என்பது இரண்டாவது. இரண்டுக்கும் வரலாற்றில் சான்றுகள் உண்டு. ஆனால் எனக்கு அதிகம் உறுத்துவது அவ்வளவாகப் பேசப்படாத மூன்றாவது வாதம்: அமைதி வழியிலேயே நின்றவர்களின் கதி என்ன?

ஜான் ஹியூமை எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கு அயர்லாந்தின் கத்தோலிக்கச் சமூகத்துக்காக வாழ்நாள் முழுவதும் போராடியவர். ஒருநாளும் ஆயுதத்தை ஆதரித்ததில்லை. 1988இல் அவர் ஆடம்ஸோடு பேசத் தொடங்கினார். ஐ.ஆர்.ஏ. கொன்றுகொண்டிருந்த காலம் அது. நாளிதழ்கள் அவரைக் கடுமையாகத் தாக்கின, சொந்தக் கட்சிக்குள்ளேயே முணுமுணுப்பு எழுந்தது. அவர் விடவில்லை. கடைசியில் அமைதி வந்தது. அதன் பின் நடந்த தேர்தல்களில் ஷின் ஃபெயின் வளர்ந்து, ஹியூம் கட்டி எழுப்பிய கட்சியைப் பின்னுக்குத் தள்ளியது. அமைதிக்காக உழைத்த கட்சி சுருங்கியது, ஆயுதக் குழுவோடு பிணைந்திருந்த கட்சி தழைத்தது. இது அநீதி இல்லையா என்று கேட்டால், அநீதிதான். ஹியூம் தெரிந்தே அந்த விலையைக் கொடுத்தார் என்பதுதான் என் புரிதல். தம் கட்சியின் வாழ்வா, தெருவில் நடப்பவர்களின் வாழ்வா என்ற கேள்வியில் அவர் இரண்டாவதைத் தேர்ந்தார். 1998இல் அவருக்கும், பிரிட்டனோடு இணைந்தே இருக்க விரும்பிய யூனியனிஸ்ட் தரப்பின் தலைவர் டேவிட் டிரிம்பிளுக்கும் நோபல் பரிசு கிடைத்தது உண்மைதான். ஆனால் நோபல் பரிசு வாக்குகளைத் திருப்பித் தருவதில்லை.

இந்த வாதங்களை எல்லாம் ஏற்றுக்கொண்ட பிறகும் தராசின் மறுதட்டில் ஒன்று இருக்கிறது: பேசாமல் இருப்பதற்கும் விலை உண்டு. அந்த விலையை முழக்கமிடுபவர்கள் கொடுப்பதில்லை. வடக்கு அயர்லாந்தில் முப்பது ஆண்டுகளில் 3,500 பேர் வரை இறந்தார்கள், பாதிக்கும் மேற்பட்டோர் சாதாரண மக்கள். கொலம்பியாவில் 1958 முதல் 2012 வரை 2,20,000 பேர் என்று அந்நாட்டின் வரலாற்று நினைவு மையம் கணக்கிட்டது. ஆயுதக் குழுக்கள் எப்படி முடிவுக்கு வருகின்றன என்று 1968 முதல் 2006 வரையிலான காலத்தை ஆராய்ந்த அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம், முடிவுக்கு வந்த குழுக்களில் 43 விழுக்காடு அரசியல் வழியில் கலந்தும், 40 விழுக்காடு காவல்துறை, உளவுத்துறை நடவடிக்கைகளாலும் முடிந்தன என்று 2008இல் எழுதியது. இராணுவ பலத்தால் முடிந்தவை 7 விழுக்காடு மட்டுமே. அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: ஒரு குழுவின் குறிக்கோள் எவ்வளவு அகன்றதோ, அரசியல் தீர்வுக்கான வாய்ப்பு அவ்வளவு குறைவு. ஒரு மாநிலத்துக்குத் தன்னாட்சி கேட்பவரிடம் பேச ஏதாவது இருக்கும். உலகம் முழுவதையும் தன் சட்டத்தின் கீழ் கொண்டுவர விரும்புபவரிடம் பேசக் கிடைப்பது மிகக் குறைவு. ஆகவே 'எல்லோரோடும் பேசலாம்' என்று நான் சொல்லவில்லை. எதிரி என்ன கேட்கிறார் என்று கேட்டுப் பார்க்காமல் அவர் எந்த வகை என்று முடிவு செய்ய முடியாது என்கிறேன்.

நடுவில் நிற்பவர்

தூதர் என்றவுடன் நமக்குப் பதாகையும் விருந்தும்தான் நினைவுக்கு வருகின்றன. எதிரிகளுக்கு இடையே செல்பவரின் உண்மையான நிலை அதைவிடத் தனிமையானது. சங்கப் புலவர் கோவூர்கிழார், உறையூரை முற்றுகையிட்ட நலங்கிள்ளியிடமும் கோட்டைக்குள் அடைபட்டிருந்த நெடுங்கிள்ளியிடமும் ஒரே செய்தியைத்தான் சொன்னார்: இருவரும் சூடியிருப்பது சோழர் குலப் பூவான ஆத்தி, யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடி. ஆனால் அதே பகையில் நடந்த இன்னொரு நிகழ்ச்சியைத்தான் நான் அடிக்கடி நினைப்பேன். நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்கு வந்த இளந்தத்தன் என்ற புலவரை ஒற்றன் என்று நினைத்து நெடுங்கிள்ளி கொல்லப் போனான். கோவூர்கிழார் குறுக்கே நின்று, பரிசில் பெற்று வாழும் புலவர் வாழ்க்கை யாருக்கும் தீங்கு செய்வதில்லை என்று சொல்லி அவரைக் காப்பாற்றினார். அந்தப் பக்கத்திலிருந்து வந்தவன் என்பதே குற்றமாகிவிடும் என்பதை அப்போதே கண்டிருக்கிறார்கள்.

இன்றும் அது சட்டத்தின் பெயரால் நடக்கிறது. அமெரிக்காவில் மனிதாபிமானச் சட்டத் திட்டம் என்ற அமைப்பினர், தடை செய்யப்பட்ட குர்திஸ்தான் தொழிலாளர் கட்சியினருக்குச் சர்வதேசச் சட்டத்தின்படி அமைதி வழியில் பிணக்கைத் தீர்ப்பது எப்படி என்று கற்றுக்கொடுக்க விரும்பினார்கள். விடுதலைப் புலிகளும் அந்த வழக்கில் பேசப்பட்ட அமைப்புதான். 2010 ஜூன் 21 அன்று உச்ச நீதிமன்றம், ஆறு நீதிபதிகளுக்கு மூவர் என்ற கணக்கில், அந்தப் பயிற்சியும் பயங்கரவாதத்துக்கான 'பொருள் உதவி'க் குற்றத்துக்குள் வரும் என்று தீர்ப்பளித்தது. அத்தகைய பயிற்சி ஓர் அமைப்புக்கு மதிப்பைக் கூட்டும், மற்ற வளங்களை வன்முறைக்குத் திருப்பிவிட உதவும் என்பது நீதிமன்றத்தின் காரணம். காரணம் புரிகிறது. ஆனால் துப்பாக்கியை வைத்துவிட்டு மனு எழுதக் கற்றுக்கொடுப்பதும் குற்றம் என்றால், அந்த மனிதருக்குத் துப்பாக்கி மட்டுமே மிஞ்சும்.

இலங்கையில் இதன் நேரடி விளைவு ஒன்றைப் பார்த்தோம். 2002 பிப்ரவரி 22 போர்நிறுத்த ஒப்பந்தம் நார்வேயின் அனுசரணையில் வந்தது. அதைக் கண்காணிக்க நார்வே, ஐஸ்லாந்து, சுவீடன், டென்மார்க், பின்லாந்து ஆகிய ஐந்து நாட்டினர் வந்தார்கள். 2006 மே மாதத்தில் ஐரோப்பிய ஒன்றியம் விடுதலைப் புலிகளைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. உடனே புலிகள், ஒன்றியத்தைச் சேர்ந்த மூன்று நாட்டினரும் வெளியேற வேண்டும் என்றார்கள். கண்காணிப்பாளர்களில் பெரும்பகுதியினர் போய்விட, போர் பெரிதாக மூளும் நேரத்தில் களத்தில் பார்க்கும் கண்கள் குறைந்தன. தடை செய்தவர்களுக்கும் காரணங்கள் இருந்தன. வெளியேறச் சொன்னவர்கள் மீதும் பொறுப்பு இருக்கிறது. விலையைக் கொடுத்தவர்கள் வன்னியிலும் கிழக்கிலும் இருந்த மக்கள்.

நடுவில் நிற்பவர்கள் செய்யும் வேலையில், எது முதலில், எது பிறகு என்ற வரிசைக்கு மிகப் பெரிய இடம் உண்டு. 'முதலில் ஆயுதத்தைக் கீழே வை, பிறகு பேசலாம்' என்பது கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆயுதத்தை ஒப்படைத்த பின் அவர்களோடு பேசுவதற்கு யாருக்கும் அவசரம் இருக்காது என்று ஆயுதக் குழுவுக்கும் தெரியும். வடக்கு அயர்லாந்தில் இந்த ஒரே நிபந்தனையில் பேச்சு பல மாதங்கள் முடங்கியது. 1994இல் அறிவித்த போர்நிறுத்தத்தை 1996 பிப்ரவரியில் ஐ.ஆர்.ஏ. முறித்து, லண்டன் துறைமுகப் பகுதியில் குண்டு வைத்து இருவரைக் கொன்றது. அமெரிக்காவின் ஜார்ஜ் மிட்செல் தலைமையிலான குழு வேறு வழி காட்டியிருந்தது: ஆயுதக் களைவு பேச்சோடு பேச்சாக நடக்கட்டும், ஆனால் மேசைக்கு வரும் ஒவ்வொருவரும் ஜனநாயக வழியை மட்டுமே பின்பற்றுவோம், முடிவு பிடிக்காவிட்டாலும் வன்முறையால் மாற்ற முயல மாட்டோம் என்று உறுதி தர வேண்டும். ஒப்பந்தம் 1998 ஏப்ரல் 10 புனித வெள்ளியன்று வந்தது. ஆயுதங்கள் முழுவதுமாகச் செயலிழக்கச் செய்யப்பட்டதாக அறிவிப்பு வந்ததோ 2005 செப்டம்பரில். ஏழு ஆண்டு இடைவெளி. முன்நிபந்தனையாக இருந்ததைப் படிப்படியாக நடக்கும் வேலையாக மாற்றியதால்தான் அந்த ஏழு ஆண்டுகளில் பலர் உயிரோடு இருந்தார்கள்.

இனி மேஜரின் ரகசியம். திரைமறைவுப் பேச்சை நான் தவறாகப் பார்க்கவில்லை. ஊர் பார்க்கப் பேசினால் இரு தரப்பும் தம் மக்களுக்காகவே பேசும். எதிரே இருப்பவருக்காகப் பேசாது. எதையும் சொல்ல மறுப்பது வேறு, மக்களின் அவையில் நின்று மாட்டோம் என்று சொல்வது வேறு. மறைத்தது வெளிவந்தபோது யூனியனிஸ்ட் மக்கள், இன்னும் எதை எல்லாம் மறைக்கிறார்களோ என்று நினைத்தார்கள். 'இது பற்றிப் பேச இயலாது' என்று மட்டும் சொல்லியிருந்தால் அவர் அன்று பலவீனராகத் தெரிந்திருப்பார். அந்தப் பலவீனத்தைத் தாங்கிக்கொள்வதும் ஒரு தலைவரின் கடமைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

யாருடையதை யார் கொடுப்பது?

பேச்சை எதிர்ப்பவர்கள் எல்லோரும் கடைசியில் வந்து நிற்கும் இடம் மியூனிக். அந்த ஜெர்மன் நகரில் 1938 செப்டம்பரில் பிரிட்டன் பிரதமர் சேம்பர்லின் ஹிட்லரோடு பேசினார். செக்கோஸ்லோவாக்கியாவின் சுடெட்டன் பகுதியை ஜெர்மனிக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டார். ஆறு மாதத்தில் ஹிட்லரின் படை பிராகா நகருக்குள் நுழைந்தது. ஆகவே பேசாதே என்கிறார்கள். நான் அதே நிகழ்ச்சியிலிருந்து வேறு பாடம் படிக்கிறேன். கொடுக்கப்பட்டது செக்கோஸ்லோவாக்கியாவின் நிலம். முடிவெடுத்த அறையில் செக்கோஸ்லோவாக்கியா இல்லை. பிரிட்டனும் பிரான்சும் தம்முடையது அல்லாத ஒன்றைத் தந்து தமக்கு அமைதி வாங்கின. அந்தக் குற்றத்தைச் செய்யப் பேச்சுவார்த்தைதான் வேண்டும் என்பதில்லை.

2020 பிப்ரவரி 29 அன்று தோஹாவில் அமெரிக்காவும் தாலிபானும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை இந்தக் கண்ணோடு படித்துப் பாருங்கள். 5,000 வரையிலான தாலிபான் கைதிகள் விடுதலையாக வேண்டும் என்று அது சொன்னது. கைதிகளை வைத்திருந்தது காபூல் அரசு. காபூல் அரசு அந்த ஒப்பந்தத்தில் ஒரு தரப்பே இல்லை. ஆப்கன் பெண்களின் பள்ளி, வேலை, வீதியில் நடக்கும் உரிமை எதுவும் அதில் இல்லை. அதெல்லாம் பின்னால் ஆப்கன் மக்களே பேசிக்கொள்ளட்டும் என்று தள்ளிவைக்கப்பட்டது. 2021 ஆகஸ்ட் 15 அன்று தாலிபான் காபூலில் நுழைந்தது. அமெரிக்கா தாலிபானோடு பேசியதை நான் குறை சொல்லவில்லை. தன் படைகளைத் திருப்பி எடுக்க அது பேசித்தான் ஆக வேண்டும். அறையில் இல்லாத பெண்களின் வாழ்க்கையைப் பின்னால் பேசலாம் என்ற பட்டியலில் வைத்ததை மன்னிக்க முடியவில்லை.

இலங்கைப் பேச்சிலும் இந்தக் குறை இருந்தது. 1990இல் வடக்கிலிருந்து ஒட்டுமொத்தமாக வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுக்கு 2002இல் தனித் தரப்பாக இடம் கிடைக்கவில்லை. முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீம் அரசுக் குழுவின் உறுப்பினராகவே மேசையில் அமர்ந்தார். ஒரு சமாதானத்தை எடைபோட வேண்டுமானால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: அதில் எதையாவது இழப்பவர், இழக்கச் சம்மதித்தாரா?

நீதி எங்கே போகும்?

மிகக் கடினமான பகுதி இது. கொன்றவர்கள் சிறைக்குப் போகத்தான் வேண்டும் என்றால் அவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட மாட்டார்கள். போகவே வேண்டாம் என்றால் இறந்தவர்களின் வீட்டாருக்கு நாம் என்ன சொல்வது?

வெறுமனே எல்லாவற்றையும் மன்னித்துப் பதவியும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சியரா லியோன் சாட்சி. 1999 ஜூலையில் லோமே ஒப்பந்தம் மூலம் கிளர்ச்சித் தலைவர் ஃபோடே சங்கோவுக்குப் பொதுமன்னிப்பும், துணைக் குடியரசுத் தலைவருக்கு நிகரான நிலையும், கனிம வளங்களை நிர்வகிக்கும் ஆணையத்தின் தலைமையும் கிடைத்தன. வைரத்துக்காக மக்களின் கைகளை வெட்டிய படையின் தலைவரிடம் வைரத்தையே ஒப்படைத்தார்கள். ஐ.நா. பிரதிநிதி கையெழுத்திடும்போது, இனப்படுகொலை, போர்க்குற்றம் போன்றவற்றுக்கு இந்த மன்னிப்பு பொருந்தாது என்று தம் கைப்படக் குறிப்பு எழுதினார். அடுத்த மே மாதத்திலேயே சங்கோவின் படை நூற்றுக்கணக்கான ஐ.நா. அமைதிப் படையினரைப் பிடித்து வைத்தது. பின்னாளில் சிறப்பு நீதிமன்றம் அமைக்கப்பட்டபோது அந்தக் கைக்குறிப்பு வீண்போகவில்லை.

தென்னாப்பிரிக்கா வேறு பேரம் செய்தது: உண்மையை முழுதாகச் சொல், வழக்கு இல்லை. உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்திடம் 7,112 பேர் மன்னிப்புக் கேட்டு விண்ணப்பித்தார்கள். 849 பேருக்குத்தான் கிடைத்தது. அந்த எண்ணைக் கேட்டால் கறாராக நடந்ததாகத் தோன்றும். ஆனால் நிறவெறி ஆட்சியை எதிர்த்ததால் 1977இல் காவலில் கொல்லப்பட்ட ஸ்டீவ் பிகோவின் குடும்பம் தொடக்கத்திலேயே இந்த ஏற்பாட்டை எதிர்த்து அரசமைப்பு நீதிமன்றம் சென்றது. நீதிமன்றம் செல்வதற்கு எங்களுக்கு இருக்கும் உரிமையை எங்களைக் கேட்காமல் எப்படி விற்றீர்கள் என்பதுதான் அவர்களின் கேள்வி. 1996இல் வழக்கில் தோற்றார்கள். பிகோவைக் காவலில் வைத்திருந்த காவலர்களுக்கு 1999இல் மன்னிப்பு மறுக்கப்பட்டது, உண்மையைச் சொல்லவில்லை என்பதால். பிறகு 2003இல், ஆதாரம் போதாது என்று வழக்கும் தொடரப்படவில்லை. அந்தக் குடும்பத்துக்கு உண்மையும் கிடைக்கவில்லை, தண்டனையும் இல்லை. பலரும் போற்றும் ஒரு சமாதானத்தின் அடியில் இப்படிக் கடன்கள் தீராமல் கிடக்கின்றன. அதைப் போற்றுபவன் என்ற முறையிலேயே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வடக்கு அயர்லாந்தில் ஒப்பந்தப்படி இரண்டு ஆண்டுகளில் 400க்கும் மேற்பட்ட கைதிகள் வெளியே வந்தார்கள். கொலையாளியைத் தெருவில் சந்திக்க நேர்ந்த குடும்பங்கள் உண்டு. கடத்திக் கொன்று ரகசியமாகப் புதைக்கப்பட்டவர்களைத் தேட 1999இல் ஓர் ஆணையம் அமைத்தார்கள். புதைத்த இடத்தைச் சொல்பவரின் தகவலை எந்த வழக்கிலும் அவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்று சட்டமே இயற்றினார்கள். தண்டனையை விட்டுக்கொடுத்து எலும்புகளை வாங்கிய பேரம் அது. வெளியில் இருந்து பார்க்கும் நமக்குக் கசக்கலாம். ஆனால் அந்தக் குடும்பங்களில் பலர் கேட்டது முதலில் அதைத்தான், அடக்கம் செய்ய ஓர் உடல்.

கொலம்பியாவில் ஃபார்க் கிளர்ச்சிக் குழுவோடு ஹவானாவில் பேச்சு நடந்தபோது, 2014இல் பாதிக்கப்பட்டவர்கள் 60 பேரை, பன்னிரண்டு பன்னிரண்டு பேராக ஐந்து முறை, அந்த மேசைக்கே அழைத்துச் சென்றார்கள். ஃபார்க்கால் பாதிக்கப்பட்டவர்களும் அரசுப் படைகளாலும், கிளர்ச்சியாளர்களை எதிர்த்த தனியார் துணைப் படைகளாலும் பாதிக்கப்பட்டவர்களும் அதில் இருந்தார்கள். அதன் பிறகு வந்த ஏற்பாடு இது: உண்மையை முழுதாக ஒப்புக்கொள்பவருக்குச் சிறைக்கு வெளியே ஐந்து முதல் எட்டு ஆண்டு வரை நடமாட்டக் கட்டுப்பாடும் இழப்பீட்டு உழைப்பும், மறுத்து, பின் குற்றம் நிரூபிக்கப்பட்டால் இருபது ஆண்டு வரை சிறை. இதுவரை உலகம் முயன்ற ஏற்பாடுகளில் நீதியை அதிகம் விட்டுவிடாதது இதுதான் என்பது என் கணிப்பு.

2016 அக்டோபர் 2 அன்று கொலம்பிய மக்கள் இந்த ஒப்பந்தத்தின் மீது வாக்களித்தார்கள். 50.2 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். திருத்தி எழுதிய ஒப்பந்தம் நவம்பரில் கையெழுத்தாகி நாடாளுமன்றத்தின் வழியாக நிறைவேறியது.

பொஹயா என்பது அந்நாட்டின் சோக்கோ மாநிலத்தில் ஆற்றங்கரையில் இருக்கும் ஏழை ஊர். 2002 மே 2 அன்று துணைப் படைக்கும் ஃபார்க்குக்கும் இடையே அங்கே சண்டை நடந்தபோது மக்கள் தேவாலயத்துக்குள் ஒளிந்தார்கள். ஃபார்க் வீசிய எரிவாயு உருளைக் குண்டு தேவாலயத்தின் கூரையைப் பிளந்து உள்ளே விழுந்தது. இறந்தவர்களில் பலர் குழந்தைகள். 2015 டிசம்பரில் ஃபார்க் பிரதிநிதிகள் அந்த ஊருக்கு வந்து மக்கள் முன் மன்னிப்புக் கேட்டார்கள். மறு ஆண்டு வாக்கெடுப்பில் நாடு வேண்டாம் என்றபோது, பொஹயாவில் வாக்களித்தவர்களில் 96 விழுக்காட்டினர் ஒப்பந்தம் வேண்டும் என்றார்கள். சண்டையின் நடுவே அவசரத்தில் புதைத்த உடல்களை அடையாளம் காணும் வேலை அதன் பிறகுதான் முறையாக நடந்தது. 2019 நவம்பரில், பதினேழு ஆண்டுகள் கழித்து, பெண்கள் தங்கள் மரபுப்படி ஒப்பாரி பாட, பொஹயா தன் குழந்தைகளை அடக்கம் செய்தது.